சனிக்கிழமை நீ பிடுங்கிய பிளக்

ராஜா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பொய்யை ஆஸ்பத்திரியிலும், உன் பள்ளிக்கூடத்திலும், கல்மண்டபத்தில் நம் தெரு முழுக்கவும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யை ஊரறியச் சொன்னவள் உண்மையை மட்டும் உன் காதில் கிசுகிசுத்தால் அதில் என்ன நியாயம்? உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். கோபத்தில் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. உன் அம்மா எதையும் ஒற்றைப் பிரதியாக வைக்கமாட்டாள் என்று நீயே கிண்டல் செய்வாய். அந்தப் பழக்கம் எந்த நாளில் வந்தது என்பதும் இதில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வரப்போகிற மருமகளாகக் கவிதா சாப்பிட வந்திருந்தாள். நான் அடுப்பில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உன் குரல் ஏறியது. "எத்தினி தபா போன் பண்றது? எடுக்கவே மாட்டியா நீ?" என்றாய். "டூட்டில இருந்தேன். ஒரு ஆளுக்குத் தையல் போட்டுக்கினு இருக்கசொல்லோ எப்டி எடுக்கிறது?" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் என்பது உனக்குத் தெரியாததா? அடுத்து சுவரில் ஏதோ மோதிச் சிதறும் சத்தம். கரண்டியோடு வெளியே வந்தேன். அவள் போன் துண்டுதுண்டாகக் கிடந்தது. அவள் மணிக்கட்டை நீ பிடித்திருந்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாய். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னாய்: "நீதான் என்னை இப்டிப் பண்ண வெக்கிற."

நான் பயந்துவிட்டேன். போனை உடைத்ததற்காக இல்லை. நம் வீட்டில் உடையாத பொருள் எது? அந்த வாக்கியத்துக்காக. அது என்னுடையது, ராஜா. உன்னை அடித்த ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே நான் சொன்னது. "நீதான்டா என்னை அடிக்க வெக்கிற." ஒரு வார்த்தை மட்டும்தான் மாறியிருந்தது; அதை நீ பத்திரமாக வைத்திருந்து, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கொடுத்தாய். மீன் கருகிப்போய்விட்டது. யாரும் சாப்பிடவில்லை.

நீ கோபித்துக்கொண்டு கீழே இறங்கிப்போன பிறகு கவிதா சமையலறைக்கு வந்தாள். குழாயைத் திறந்து மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டீங்களே? அவரு புருவத்துல கீற தழும்பு கல்லு கிழிச்சது இல்ல. நான் தெனம் தையல் போடறவ. கல்லுல வுய்ந்தா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். இது பக்கத்து பக்கத்துல ரெண்டு கோடா நேரா இறங்கிக்கீது. யாரு அடிச்சது?"

நிச்சயதார்த்தத்தன்று அவள் அம்மா அதே தழும்பைப் பற்றிக் கேட்டபோது நீ சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "சின்ன வயசுல கடலோரத்துக் கல்லு மேல வுய்ந்துட்டேன் அத்தை." கண் இமைக்காமல் சொன்னாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒன்பது வயதில் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை இருபத்தேழு வயதில் தாம்பூலத் தட்டுக்கு முன்னால் ஒப்பித்தாய். அன்றைக்கு நானும் பலகாரத்தை மென்றுகொண்டு சும்மா இருந்தேன்.

உனக்கு என் வேலை என்னவென்று நான் ஒழுங்காக உட்கார்ந்து சொன்னதே இல்லை. "அம்மா கம்ப்யூட்டர்ல நட்சத்திரம் பண்றா" என்று உன் அப்பா தெருவில் சொல்வார். அவர் டிரைலர் லாரி ஓட்டுகிறவர், அவருக்கு அவ்வளவு போதும். உனக்குப் போதாது. கேள். விண்மீன்களுக்கு நடுவே வாயு மேகங்கள் இருக்கின்றன. படத்தில் பார்த்தால் சாம்பிராணிப் புகை மாதிரி அமைதியாகத் தெரியும். உள்ளே நடப்பது அடிதடி. நடுவில் கொதிக்கும் ஒரு நட்சத்திரம். அதன் புறஊதா ஒளி போய் அறைந்ததும் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து ஓடும். ஓடுகிற எலக்ட்ரான் சும்மா போகாது, வழியில் இருக்கிற ஆக்ஸிஜன் மேல் மோதும். மோதல் வாங்கிய ஆக்ஸிஜன் பச்சை ஒளியாக அதைக் கக்கிவிடும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் பளிச்சென்று கோடு கோடாக இருக்கும். அதற்குத்தான் நிறமாலை என்று பெயர். நாம் அங்கே போய்க் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தெர்மாமீட்டர் வைக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு பொய் மேகத்தைச் செய்வோம். அதை நூற்றுக்கணக்கான அடுக்காக அறுப்போம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வெப்பநிலையை உத்தேசமாக வைத்து, எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, எவ்வளவு ஒளியாக வெளியே போகிறது என்று கணக்குப் போடச் சொல்வோம். இரண்டும் சமமாகவில்லை என்றால் வெப்பநிலையைத் திருத்தி மறுபடி போடச் சொல்வோம். சமமாகும்வரை விடக் கூடாது. கடைசியில் எல்லா அடுக்கின் ஒளியையும் சேர்த்து ஒரு நிறமாலை வரும். அது தொலைநோக்கியில் தெரிகிற நிறமாலையோடு ஒத்துப்போனால், அங்கே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் புரோகிராமை நான் ஒருத்தி எழுதவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாக எழுதியது. அதில் மிகவும் அடர்ந்த வாயுவுக்கான பகுதி என் பொறுப்பு. ஊரின் மறுகோடியில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. போக இரண்டு மணி நேரம் பஸ், வர இரண்டு மணி நேரம் பஸ். அங்கே இருந்த பெரிய கம்ப்யூட்டரில் என் முறை வருவதற்குள் மாதம் ஓடிவிடும். அதனால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். துறைமுகத்துக் கரித்தூளும் லாரிப் புழுதியும் அதன் ஃபேனில் போய் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் நானே துடைப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நட்சத்திரத்துக்கு மூஞ்சி கழுவறியா?" என்று கேட்பாய். அப்போதெல்லாம் நாம் சிரித்துக்கொண்டும் இருந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பொய்க் கணக்காகிவிடும்.

என் கோபத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? புரோகிராம் தப்பான விடை கொடுத்தால் மேஜையில் அறைவேன். இரண்டு கீபோர்டை உடைத்திருக்கிறேன். என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். கடலிலிருந்து வெறும் வலையோடு வந்தால் நனைந்த கயிற்றை எடுப்பார். என் முதுகில் வாங்கியிருக்கிறேன். "அடியாத மாடு படியாது" என்பார். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் கயிறு என்ற பொருளே வீட்டில் இருக்காது என்று கோயிலில் கந்தசாமி மேல் சத்தியம் செய்தேன். சத்தியத்தை அப்படியே காப்பாற்றினேன். கயிறு இல்லை. கரண்டி இருந்தது, ஸ்கேல் இருந்தது, செருப்பு இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால், மூன்றாவது வீட்டு டெய்லருடைய இன்வர்ட்டர் பேட்டரி வெடித்தது. நீ வாசலில் நின்றிருந்தாய். டப்பென்ற சத்தம். முகமெல்லாம் ஆசிட்டோடு அந்த மனுஷன் அலறிக்கொண்டு தெருவில் ஓடிவந்து மண்ணில் புரண்டதை நீ பார்த்தாய். அவர் மனைவி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு கண் போய்விட்டது. "வெடிக்கிறதுக்கு முன்னாடி அது கத்திக்கினே இருந்துச்சு, நாங்கதான் கண்டுக்கல" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுததை நீயும் கேட்டாய். அந்த வாரம் முழுக்க நீ ஒழுங்காகத் தூங்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் என் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அதன் முடிவை நிலையத்தில் என் தலைவரிடம் காட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை காலையிலிருந்து கரண்ட் இல்லை. இன்வர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. உனக்கு ஃபேன்கூடப் போடவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் வீடு அமைதியாக இருந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல் இல்லை. நீ சுவரோரம் நின்றிருந்தாய். கையில் அந்தக் கறுப்பு ஒயர், அதன் நுனியில் பித்தளைக் கம்பி வைத்த பெரிய பிளக். "இன்னாடா பண்ண?" என்றேன். "அம்மா, இன்வர்ட்டர் கத்திக்கினே இருந்துச்சும்மா..." என்று ஆரம்பித்தாய். அவ்வளவுதான் உன்னைச் சொல்ல விட்டேன். உன் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். மறுமுனை கம்ப்யூட்டரிலிருந்து கழன்று வந்தது. ஓங்கி வீசினேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடி, நீ திரும்பியதால், முகத்தில். பிளக்கின் இரண்டு கம்பி புருவத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்று வைத்தேன், ராஜா. ரத்தத்தைப் பார்த்த பிறகும். இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதையில் அந்த மூன்றாவது அடி இல்லை. இப்போது எழுதும்போது சேர்க்கிறேன்.

ஆட்டோவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, என் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். நீ அழக்கூட இல்லை. பாதி வழியில், துணிக்கு அடியிலிருந்து கேட்டாய். "அம்மா, உன் நட்சத்திரம் செத்துப்போச்சா?" நான் சொன்னேன்: "ஆமா. உன்னாலதான்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உன் காதில் பாடம் சொன்னேன். டாக்டர் கேட்டார். "கடலோரத்துக் கல்லு மேல வுய்ந்துட்டேன் சார்" என்று நீ தெளிவாகச் சொன்னாய். ஏழு தையல். நீ அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. த்தூ! வரும்போது கோன் ஐஸ் வாங்கிக்கொடுத்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பக்கத்து வீட்டம்மா என்னைத் தேற்றினாள். அந்தப் பழமொழியைச் சொன்னது அடி வாங்கினவனாக இருக்கவே முடியாது. அடித்த கை அணைத்தால், அணைக்க வருகிற கையைப் பார்த்தாலே பிள்ளை பயப்படும். நீ பயந்தாய். கட்டிக்கொண்டபோது உன் உடம்பு விறைத்துப் போயிருந்தது, ஐஸ் உருகிக் கையில் வழிந்துகொண்டிருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. இதுவரை எழுதியதெல்லாம் நாம் இரண்டு பேருக்கும் தெரிந்து, பேசாமல் விட்டது.

நாலு நாள் கழித்து நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். புரோகிராம் ஓடும்போது தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அந்தப் பதிவை ஆரம்பத்திலிருந்து படித்தேன். மேல் அடுக்குகள் ஒழுங்காகப் போயிருந்தன. அடர்ந்த அடுக்கு வந்ததும், வியாழக்கிழமை மதியத்திலிருந்து, ஒரே இரண்டு எண்கள். ஒன்பதாயிரம் டிகிரி. பதினாலாயிரம் டிகிரி. மறுபடி ஒன்பதாயிரம். மறுபடி பதினாலாயிரம். பக்கம் பக்கமாக, சனிக்கிழமை மதியம் நீ பிளக்கைப் பிடுங்கிய நிமிடம்வரை அதே இரண்டு எண்கள்தான். வேறு ஒரு எண் இல்லை. இரண்டு நாளாக அது எதையும் கணக்குப் போடவே இல்லை. அங்கும் இங்கும் ஆடிக்கொண்டிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் அதைச் செய்தது நான். ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினால் கணக்கு முடிய நாளாகும். எனக்கு அவசரம். திருத்துகிற அளவைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். லேசான வாயுவில் அது செல்லும். அடர்ந்த வாயுவுக்குத் தொட்டால் கோபம் வரும். கொஞ்சம் குளிர்ந்திருக்கிறதே என்று பெரிதாகத் திருத்தினால் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பெரிதாகத் திருத்தினால் குளிர்ந்துவிடும். நடுவில் இருக்கிற சரியான இடத்தில் அது ஒரு நாளும் நிற்காது. இந்த மாதிரி ஆகும் என்று தெரிந்துதான் அந்தப் புரோகிராமை முதலில் எழுதியவர்கள் ஒரு காவல் வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட தடவைக்கு மேல் சமமாகவில்லை என்றால், எச்சரிக்கை சொல்லிவிட்டுத் தானாக நின்றுவிடும். எங்கள் வேலையில் எல்லோரும் செய்கிற ஒரு திருட்டுத்தனம் உண்டு. எச்சரிக்கை வந்து திரையை அடைத்தால் எரிச்சலாக இருக்கும். அதை வராமல் செய்துவிடுவோம். நடுவில் நின்றுவிட்டால் வேலை கெடும்; எத்தனை தடவை தோற்றாலும் நிற்காதே என்று ஒரு வரி எழுதிவிடுவோம். நானும் இரண்டையும் செய்திருந்தேன். அது இரண்டு நாளாகக் கத்தியிருக்க வேண்டும். நான் முன்கூட்டியே அதன் வாயைக் கட்டிவிட்டேன். அந்த வீட்டில் கத்துகிற ஒன்றைக் கேட்டு அதற்கு ஏதாவது செய்தவன் நீ ஒருத்தன்தான். ஒன்பது வயதில்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வந்ததும் சொல்லியிருக்கலாம். கட்டுப்போட்ட முகத்தோடு வந்து நின்று, "கம்ப்யூட்டர் சரியாப் பூச்சாம்மா?" என்று கேட்டாய். "அது உனக்கு எதுக்கு? போய்ப் படி" என்றேன். வெட்கம், ராஜா. ஏழு தையல் போட்ட பிறகு எப்படிச் சொல்வது? மறுநாள் அந்தப் பதிவை இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்; எதையும் ஒற்றையாக வைக்காத பழக்கம் அன்றைக்கு வந்ததுதான். அந்த ஒரு அளவை மாற்றினேன், இன்னொரு ஒன்பது நாள் ஓடவிட்டேன், அருமையான நிறமாலை வந்தது. தலைவரிடம், "பையன் பிளக்கைப் பிடுங்கிட்டான் சார், அதான் தாமதம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கட்டுரை வெளிவந்தது. எனக்கு ஒன்றுமே நஷ்டமில்லை. அடுத்த வருடம் என் வேலை போனதற்குக் காரணம் அந்தத் திட்டமே முடிந்துபோனது. அதற்கும் பிளக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நீ அப்படி நினைத்துக்கொண்டிருந்தாய். நினைக்கிறாய் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. திருத்த வேண்டிய இடத்தில் மட்டும் என் கை வரவே இல்லை.

பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவு உனக்குத் தானாகக் கிடைத்தது. வேண்டாம் என்றாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எதிரில் நீ சொன்னாய்: "நான் தொட்டா கெட்டுப்பூடும் சார். எங்கம்மா வேலையே என்னாலதான் பூச்சு." அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இப்போது நீ எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் வேலையில் மேஸ்திரி. கௌரவமான வேலை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை நீயாகத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். என் பொய் உன்னைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டது.

நான் உன்னை அடிப்பதை நிறுத்திய நாளும் உனக்குத் தெரியும். உனக்குப் பதினாலு வயது. ஓங்கிய என் கையை அப்படியே அந்தரத்தில் பிடித்தாய். "போதும்மா" என்றாய். அன்றோடு விட்டேன். அம்மா திருந்திவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. நீ என்னைவிட உயரமாகிவிட்டாய், அவ்வளவுதான். அதன் பிறகு நம் வீட்டில் அடி நிற்கவில்லை, இடம் மாறியது. நீ கதவில் குத்தினாய். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு வந்த ஒருத்தன் பல்லை உடைத்தாய். இப்போது கவிதாவின் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறாய். கோபம் ரத்தத்தில் வருகிறது, தாத்தா, அம்மா, பையன் என்று வரிசையாக இறங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. வருடக்கணக்காகக் கொதிக்கிற வாயுவோடு குடித்தனம் செய்தவள் சொல்கிறேன். எவ்வளவு அடி உள்ளே வந்தாலும் அதை வெளிச்சமாக வெளியே விட வழி இருக்கிறது. அடி வாங்கிய அணு பக்கத்தில் இருப்பதை அடித்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இதைப் புரோகிராமில் எழுதத் தெரிந்த எனக்கு வீட்டில் செய்யத் தெரியவில்லை. மனநல டாக்டர் ஒருவரை இந்த வயதில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான் வாக்கிங் போவதாகச் சொல்வது அங்கேதான். நீயும் வா. வெட்கம் எல்லாம் ஒரு வாரம்தான்.

உன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டேன். அவருக்கும் இத்தனை நாள் அது கல் கிழித்த தழும்புதான். முடிகிறவரை கேட்டுவிட்டு, "நான் லோடு எடுத்துக்கினு ஊர் ஊராச் சுத்தினேன், பாவி" என்று மட்டும் சொன்னார். என்னைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டு நாளாக என் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை.

கவிதாவிடமும் சொல்லிவிட்டேன். திருவொற்றியூரில் அவள் வீட்டுக்கே போய், அவள் அம்மா முன்னாலேயே சொன்னேன். அந்தப் பதிவின் கடைசிப் பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோனேன். "கண்ணு, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு நீ நெனச்சா இப்பவே சொல்லு. தாம்பூலத் தட்டை நானே கொண்டாந்து திருப்பித் தரேன். எம்பையனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். உன் அம்மா உனக்கு எதிராகப் பேசினாளா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு தடவை சும்மா இருந்து உன்னைக் கெடுத்தேன், இன்னொரு தடவை சும்மா இருக்கமாட்டேன். அவள் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்பதாயிரம், பதினாலாயிரம் என்று விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு அவரைப் புடிக்கும் அத்தை. அதுக்காக அடி வாங்கிக்கினு இருக்கமாட்டேன். இன்னொரு தபா கைய வெச்சா நேரா ஸ்டேஷனுக்குப் போவேன்." "நானும் கூட வரேன்" என்றேன். "அது அப்பறம். மொதல்ல அவரே என்கிட்ட வந்து, அது கல்லு இல்லன்னு அவர் வாயால சொல்லட்டும். என் கையப் புடிச்சது என்னால இல்லன்னும் சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் யோசிச்சுச் சொல்றேன்." பத்திரிகைக் கட்டு அவள் வீட்டு அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. அவள் சரி என்பாளா, வேண்டாம் என்பாளா, எனக்குத் தெரியாது. அவள் என்ன சொன்னாலும் நான் அவள் பக்கம்தான் நிற்பேன், உன்னை விட்டுவிடவும் மாட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ தர வேண்டும் என்று இல்லை. தராமலே இரு, பரவாயில்லை. ஒரு காரியம் மட்டும் செய். "நீதான் பண்ண வெக்கிற" என்ற அந்த வாக்கியத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அது என்னோடு போகட்டும்.

அச்செடுத்த பக்கங்களை இந்தக் கடிதத்தோடு பின் அடித்திருக்கிறேன். இடதுபக்கம் கிழமையும் நேரமும் இருக்கும், வலதுபக்கம் வெப்பநிலை இருக்கும். படிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். வியாழக்கிழமையில் கோடு போட்டிருக்கிறேன், சனிக்கிழமையிலும் கோடு போட்டிருக்கிறேன். நீயே பார்த்துக்கொள். என் வார்த்தையை நம்ப வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, அதை நான் என்றைக்கோ கெடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஆட்டோவில் ஒரு கேள்வி கேட்டாய். ரத்தத் துணிக்கு அடியிலிருந்து கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில் தப்பு. சரியான பதில் இது. ஆமாம் ராஜா, நட்சத்திரம் செத்துத்தான் போயிருந்தது. நீ பிளக்கைத் தொடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே செத்துவிட்டது. உன்னால் இல்லை. என்னால்தான்.

அம்மா